மச்சானுக்கு, சாப்பாட்டு விஷயமாக

அன்பு மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கம்பஸ் கிடைத்தது பெரிய சந்தோஷம். இங்கே எல்லாரும் சுகம், அம்மாவுக்குத்தான் சீனி வருத்தம் கொஞ்சம் கூடிவிட்டது.

மாட்டிறைச்சியை விட்டுவிட்டாயாமே, நல்லது. மாடு அசைபோட்டு வெளியே விடுகிற மீத்தேனையும் தீனிக்கு வேண்டிய நிலத்தையும் பார்த்தால், அதே அளவு புரதத்தைப் பயறு பருப்பில் எடுப்பது எவ்வளவோ மேல். ஆனால் கப்பலில் வருவதெல்லாம் கெடுதி, மரக்கறி எல்லாம் சுத்தம் என்று எழுதியிருக்கிறாயே, அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கப்பல் ஏற்றி வருவதால் வரும் புகை மொத்தக் கணக்கில் சின்னப் பங்குதான், விமானத்தில் வந்தால்தான் கதை வேறு. பாணை எடு. இலங்கையில் கோதுமை விளைவதில்லை, எல்லாம் இறக்குமதி. என் கோபம் அந்தக் கப்பலில் இல்லை, தவிட்டையும் முளையையும் நீக்கிய வெள்ளை மாவை மூன்று வேளையும் தின்கிறோமே, அதில்தான்.

சரி, மரக்கறிக்கு வருவோம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு ஏது? சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கும் மழைத்தண்ணீர்தான் குடிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் அள்ளிக் கொட்டுகிற யூரியாவில் பயிர் எடுத்தது போக மிச்சம் நைத்திரேற்றாகி அதே கிணற்றுக்குள் இறங்குகிறது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம்தான் எல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம், குடாநாட்டின் வலிகாமப் பக்கத்தில் அதைத் தாண்டிய கிணறுகள் பல. அந்தத் தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கக் கூடாது, கொதிக்கவைத்தாலும் நைத்திரேற்று போகாது. பிறகு எப்படி மரக்கறி என்றாலே சுத்தம்?

நான் கண்டபடி, இங்கே உடம்புக்கும் மண்ணுக்கும் ஒன்றாக ஒத்துவருவது மலிவான சாப்பாடுதான். சூடை மீனைத் தலையைக் கிள்ளி, குடலெடுத்து, புளிவிட்டு வற்றவைத்தால் முள்ளோடு மெல்லலாம், கல்சியமும் நல்ல கொழுப்பும் அதிலேயே இருக்கிறது. விளைமீன் வாங்கினால்தான் மரியாதை என்று நினைக்கிற சனத்துக்கு இதைச் சொல்லிப் பார்! குரக்கனில், அதுதான் கேழ்வரகில், 100 கிராமுக்குக் கிட்டத்தட்ட 340 மில்லிகிராம் கல்சியம், தீட்டின அரிசியில் 10 அளவில்தான். வேலியில் முருங்கை நிற்கிறது, இலையைப் பறிக்கத்தான் ஆளில்லை. அம்மாவுக்கு இப்போது இரவில் குரக்கன் புட்டு, அதுவும் அளவாக, முருங்கையிலை வறையோடு. முதலில் முகத்தைச் சுளித்தா, இப்ப கேட்டு வாங்கிச் சாப்பிடுறா.

பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மா கேட்டிருந்தாய். கப்பலில்தான் போடுவேன், சுணங்கும், பொறுத்துக்கொள். மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு வடித்துக் கைப்புப் போனபிறகு கூழில் கரை. நண்டை அங்கேயே பார்த்துக்கொள்.

அன்புடன்,
உன் மச்சான்