பாப்பாவின் ‘சரி’

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். புரட்டாசி பிறந்து பத்து நாளாகிறது. மேலவயலில் சம்பா விதைப்பு முடிந்துவிட்டது, பள்ளவயல் மட்டும் பாக்கி. இதையெல்லாம் போனிலேயே சொல்லிவிடலாம். ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு அப்பால் இருக்கிறது. போனில் தொடங்கினால் பாதியில் உனக்கு வேறு அழைப்பு வந்துவிடும். அதனால்தான் கடிதம். ஒரே மூச்சில் படித்துவிடு.

சென்ற ஞாயிறு இரவு போனில் என் பேத்தி பாப்பா என்னிடம் ஒன்று கேட்டாள். கடல் மட்டம் உயர்ந்தால் எந்தெந்த ஊர் மூழ்கும் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு வரைபடம் காட்டினார்களாம். நாகப்பட்டினத்திலிருந்து வேதாரண்யம் வரை கரை ஓரமெல்லாம் நீலமாக இருந்ததாம். “அப்பாயி, உங்கள் வீடு நீலத்துக்குள் இருக்கிறது. நீங்கள் எங்கே போவீர்கள்?” என்றாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அதெல்லாம் ஒன்றும் ஆகாதடி தங்கம், போய்த் தூங்கு” என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு “சரி அப்பாயி” என்றாள். அதற்குப் பிறகு நீ போனை வாங்கி, இனி அந்த மாதிரி எதையும் பார்க்கக்கூடாது என்று அவளைக் கண்டித்து வைத்திருப்பதாகச் சொன்னாய். நானும் “ஆமாம், சின்னப் பிள்ளைக்கு அது எதற்கு” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

அந்தச் ‘சரி’ என்னைத் தூங்கவிடவில்லை, தம்பி. 32 ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவள் நான். புரிந்துகொண்ட பிள்ளை ‘சரி’ என்று சொல்லாது, அடுத்த கேள்வியைக் கேட்கும். பெரியவர்கள் எதையோ மறைக்கிறார்கள், இனி இவர்களிடம் கேட்டுப் பயனில்லை என்று தெரிந்துகொண்ட பிள்ளைதான் அப்படிச் ‘சரி’ என்று சொல்லிவிட்டு நகரும். அவளுக்கு நான் பொய் சொன்னேன். அதைத் திருத்த வேண்டும். அதற்கு உன் துணை வேண்டும்.

நீ நினைப்பது எனக்குப் புரிகிறது. பத்து வயதுக் குழந்தையின் தலையில் உலகத்துக் கவலையை ஏன் ஏற்ற வேண்டும் என்கிறாய். ஆனால் அவள் தலையில் அது ஏற்கெனவே ஏறிவிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மடிப்பாக்கத்தில் தரைத்தளத்திலிருந்து அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடி வீட்டுக்கு ஏறியது நீதான். மூன்று நாள் மின்சாரம் இல்லை, பாலும் இல்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் படிக்கட்டில் உட்கார்ந்து, தண்ணீர் எத்தனை படி ஏறியிருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தாள் என்று மருமகள் சொன்னாள். படியை எண்ணிய பிள்ளையிடம் நாம் எதை மறைக்க முடியும்? பக்கத்திலிருக்கும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் எப்படிச் சுருங்கியது, பழைய பரப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் மிச்சம் என்பதை அவளுக்குச் சொல்லியிருந்தால், வெள்ளம் ஏன் வாசலுக்கு வந்தது என்றாவது புரிந்திருக்கும். காரணம் தெரியாத பயம்தான் பிள்ளைகளைத் தின்னும்.

அவளுக்குச் சொல்ல என்னிடம் எண்கள் அதிகம் இல்லை. நான் கண்ணால் பார்த்ததைச் சொல்வேன்.

முதலில் கிணறு. நீ பிறந்தபோது நம் கொல்லைக் கிணற்றுத் தண்ணீரில் துவரம்பருப்பு மூன்று கொதியில் வெந்துவிடும். பக்கத்துத் தெருவிலிருந்து குடத்தோடு வருவார்கள். இப்போது அதே தண்ணீரில் பருப்பு வேகிறதில்லை. எத்தனை நேரம் அடுப்பில் வைத்தாலும் விதை விதையாக அப்படியே கிடக்கிறது. குக்கருக்குக் குழாய்த் தண்ணீர், துணி துவைக்க மட்டும் கிணறு என்று ஆகிவிட்டது. தோண்டியில் முகர்ந்து வைத்த தண்ணீர் வற்றினால் அடியில் வெள்ளையாக ஒரு வளையம் படிகிறது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன், உப்பு.

இதற்கு முழுப் பழியையும் பருவநிலை மேல் போட்டுவிட மாட்டேன். பிள்ளையிடம் சொல்லும்போது நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆற்றில் தண்ணீர் வந்து கடலைத் தள்ளிக்கொண்டிருந்த வரைக்கும் கடல் தன் இடத்தில் இருந்தது. கடைமடைக்குத் தண்ணீர் குறைந்தது, ஆழ்குழாய்கள் பெருகின, மணலை அள்ளினார்கள். இவை நாமே செய்துகொண்டவை. அதோடு கடலும் மெல்ல ஏறுகிறது. 1901-இலிருந்து 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. ஒரு சாண் அளவு. ஒரு சாண்தானே என்று மேட்டு நிலத்துக்காரர் சொல்லலாம். நம் ஊர் ஆறுகள் சரிவே இல்லாமல் கடலில் சேர்வதைப் பார்த்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். கோடையில் கடல்நீர் ஆற்றின் வழியே உள்ளே ஏறி வருவதை நீயே பார்த்திருக்கிறாய்.

அடுத்து மழை. “கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை” என்று உன் தாத்தா எத்தனை முறை சொல்லிக் கேட்டிருப்பாய். அந்த ஒரு வரியை நம்பித்தான் இந்தச் சீமையே சம்பா பயிரிட்டது. ஐப்பசி கார்த்திகையில் மழை, மார்கழியில் பனி, தையில் அறுப்பு. 2016-இல் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 விழுக்காடு குறைந்து, கார்த்திகையிலேயே மழை இல்லாமல் போனது. 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதும் வறட்சி என்று அரசு அறிவித்தது. நம் கீழத்தெருவில் கருகிய பயிரைப் பார்த்துவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. அவர் பெயரை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. உனக்குத் தெரியும்.

நான்கே ஆண்டு கழித்து 2021 ஜனவரியில் எல்லாம் தலைகீழ். பொங்கலுக்கு முன்னும் பின்னுமாக விடாத மழை. அறுக்க நாள் குறித்திருந்த பயிர் தண்ணீரில் சாய்ந்து கிடந்தது. அப்பாவோடு முழங்கால் சேற்றில் இறங்கி ஒரு கதிரைத் தூக்கிப் பார்த்தேன். நெல்மணி ஒவ்வொன்றின் முனையிலும் வெள்ளையாக, ஊசி முனை அளவுக்கு முளை. கதிரிலேயே நெல் முளைத்திருந்தது. அப்பா ஒன்றும் பேசவில்லை. அந்தக் கதிரைத் துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து சாமி மாடத்தில் வைத்தார். அந்தப் பொங்கலுக்குக் கடையில் வாங்கிய பச்சரிசியில்தான் பொங்கினோம். என் கல்யாணத்துக்குப் பிறகு அப்படி நடந்தது அதுதான் முதல் முறை. உன்னிடம் அப்போது சொல்லவில்லை.

ஏன் இப்படி என்று பாப்பா கேட்டால் அவளுக்குப் புரிகிற மாதிரிச் சொல்லலாம். காற்றின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால், அது சுமக்கக்கூடிய ஈரம் ஏறக்குறைய 7 விழுக்காடு கூடும். சூடான காற்று நிலத்திலிருந்து அதிகமாக உறிஞ்சும், கொட்டும்போது மொத்தமாகக் கொட்டும். அதனால்தான் ஒரு பக்கம் காய்ந்து வெடிக்கிறது, இன்னொரு பக்கம் பத்து நாள் மழை ஒரே இரவில் பெய்கிறது. தொழிற்சாலைகள் பெருகுவதற்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. நிலக்கரியும் பெட்ரோலும் எரித்து, காட்டையும் அழித்துச் சேர்த்தது. அளவெடுக்கத் தொடங்கியதிலிருந்து 2024-தான் உலகின் மிக வெப்பமான ஆண்டு. இவ்வளவு போதும் அவளுக்கு. நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு நான் இதைக் கரும்பலகையில் ஒரு மணி நேரத்தில் புரியவைத்துவிடுவேன்.

புயலைப் பற்றியும் கேட்பாள். கஜாவை அவளுக்கு நினைவிருக்காது, அப்போது மூன்று வயது. 2018 நவம்பர் 16, விடிவதற்கு முன் கரையேறியது. நான்கு நாள் கழித்துத்தான் உன் குரலைக் கேட்டேன். நம் 62 தென்னையில் 9 மிஞ்சின. இந்தக் கரைக்குப் புயல் புதிதில்லை என்பதையும் அவளிடம் சொல்ல வேண்டும். 1952-இல் அடித்ததை உன் தாத்தா சொல்வார். 1977-இல் அடித்தபோது எனக்கு 14 வயது. பள்ளிக்கூட ஓடுகள் பறவைக் கூட்டம்போலப் பறந்ததைப் பார்த்தேன். சுனாமி வேறு கணக்கு, அது பூமிக்கடியில் நடந்த நிலநடுக்கம். எல்லாவற்றையும் ஒன்றாகக் குழப்பிப் பிள்ளையைப் பயமுறுத்தக்கூடாது. கடல் சூடேறினால் புயலுக்குத் தீனி கூடும், மழையும் கூடும் என்ற அளவில் நிறுத்திக்கொள்வேன்.

இனி நான் உன்னிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டிய ஒன்று. இது அவள் தவறு என்ற எண்ணம் பாப்பாவுக்கு வரவே கூடாது. விளக்கை அணைக்காததால்தான் அப்பாயி வீடு மூழ்குகிறது என்று ஒரு குழந்தை நினைத்தால் அதைவிடப் பாவம் இல்லை. மருமகள் சொன்னாள், பாப்பா இப்போதெல்லாம் குளிரூட்டியைப் போட விடாமல் வியர்த்துக்கொண்டே படுக்கிறாளாம். அதைக் கேட்டு எனக்கு அடிவயிறு கலங்கியது. சென்னையின் புழுக்கத்தில் குழந்தை தூங்கத்தான் வேண்டும். இதைச் செய்தவர்கள் பெரியவர்கள், சரிசெய்ய வேண்டியவர்களும் பெரியவர்கள். மின்சாரத்தை எதிலிருந்து எடுப்பது, சதுப்பு நிலத்தில் கட்டடம் கட்டலாமா கூடாதா என்பதையெல்லாம் முடிவு செய்கிற இடத்தில் இருப்பவர்கள் பத்து வயதுப் பிள்ளைகள் இல்லை. நீ ஓட்டுப் போடுகிறாய், உன் குடியிருப்பில் கூட்டம் நடக்கிறது, மழைநீர் வடிகாலை அடைத்து வாகனம் நிறுத்துமிடம் கட்டியபோது நீயும் அங்கே இருந்தாய். கோபப்படாதே. அம்மாதானே சொல்கிறேன்.

அப்பாவும் நானும் செய்வதையும் அவளிடம் சொல்லப் போகிறேன். மேலவயலில் இந்த ஆண்டு காய்ச்சலும் பாய்ச்சலுமாகத்தான் தண்ணீர் கட்டப் போகிறோம். எந்நேரமும் தண்ணீர் தேங்கி நிற்கும் நெல்வயலிலிருந்து மீத்தேன் வெளியேறுகிறது, வயலைக் காயவிட்டுப் பாய்ச்சினால் அது வெகுவாகக் குறையும், தண்ணீரும் மிச்சமாகும் என்று விவரமறிந்த ஒருவர் வந்து சொன்னார். அப்பா முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நம் மண்ணுக்கடியிலிருந்து மீத்தேன் எடுக்கக்கூடாது என்று போராட்டத்தில் தெருவில் உட்கார்ந்தவருக்கு, நம் வயலும் அதை வெளியிடுகிறது என்பது வலிக்கத்தானே செய்யும். இரண்டு நாள் கழித்து அவரே வரப்பைச் செதுக்கத் தொடங்கினார்.

தண்ணீர் தேங்கும் நடுவயலுக்கு சி.ஆர். 1009 சப்-1 என்ற நெல் ரகத்தை விதைத்திருக்கிறோம், இரண்டு வாரம் வரை மூழ்கினாலும் தாங்குமாம். உப்பேறிய பள்ளவயலுக்குக் குழியடிச்சான். என் மாமியார் காலத்தில் இங்கே உவர் நிலத்துக்கென்றே வைத்திருந்த நெல் அது. நடுவில் நாமே கைவிட்டோம், இப்போது ஒரு மரக்கால் விதைக்காக மூன்று ஊர் அலைந்தோம். விளைச்சல் குறைவுதான், அதை மறைக்கவில்லை. ஆனால் வெள்ளை பூத்துக் கிடந்த மண்ணில் போன ஆண்டு சோதனையாகப் போட்ட நாலு சென்டில் அது பச்சையாக நின்றது. அதைப் பார்க்க அப்பா தினமும் காலையில் போவார்.

இதனாலெல்லாம் கடல் நின்றுவிடும் என்று அவளிடம் சொல்ல மாட்டேன். இந்த வீடு நாளைக்கோ அடுத்த ஆண்டோ மூழ்காது, அவள் பயமில்லாமல் தூங்கலாம் என்று சொல்வேன். அவள் என் வயதுக்கு வரும்போது இந்த வீடு இருக்குமா என்றால் எனக்குத் தெரியாது என்றும் சொல்வேன். ‘தெரியாது’ என்று சொல்லும் வாத்தியாரைப் பிள்ளைகள் நம்பும். மனிதர்கள் எவ்வளவு சீக்கிரம் புகையைக் குறைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது என்று சொல்வேன்.

இந்தக் கடிதத்தோடு சின்னப் பொட்டலம் ஒன்று வைத்திருக்கிறேன். குழியடிச்சான் நெல், ஒரு கைப்பிடி. பால்கனியில் ஒரு தொட்டியில் பாப்பா விதைக்கட்டும். வாரத்துக்கு ஒருமுறை ஒரு கரண்டி கல்லுப்பைக் கரைத்து அதற்கு ஊற்றிப் பார்க்கட்டும். பக்கத்துத் தொட்டியில் நீங்கள் சாப்பிடும் நெல் எதையாவது விதைத்து அதற்கும் அதே அளவு ஊற்றட்டும். எது எத்தனை நாள் தாங்குகிறது என்று நோட்டில் எழுதி எனக்கு அனுப்பட்டும்.

தை அறுப்புக்கு அவளை அழைத்துக்கொண்டு வா. லீவு கிடைக்காது என்று இப்போதே சொல்லிவிடாதே.

ஞாயிற்றுக்கிழமை இரவு ஏழு மணிக்கு அழைப்பேன். நேராகப் பாப்பாவிடம் போனைக் கொடுத்துவிடு. அவள் மறுபடியும் கேட்கும் வரை நான் காத்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா