டேங்கில் 2டி ஆயில்: ஏற்காடு மலைக்கு இது மருந்தல்ல

ஆசிரியருக்கு,

வணக்கம். ஏற்காடு மலைப்பாதையில் கார் ஓட்டுவோருக்காக உங்கள் வார இணைப்பில் வந்த யோசனைகளில் பிரேக், கியர் பற்றிச் சொன்னவை சரி. 'முழு டேங்க் பெட்ரோலில் 200 மி.லி. 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் வண்டிகளின் பெட்ரோலில் கலக்கும் ஆயில்) கலந்தால் இன்ஜின் சூடாகாமல் இழுக்கும்' என்ற யோசனையை மட்டும் அப்படியே விட முடியாது. சேலத்து ஒர்க்ஷாப்புகளில் பல காலமாகப் புழங்கும் பேச்சுதான் இது. அச்சில் வந்துவிட்டால் நாளைக்கே பத்துப் பேர் பாட்டிலோடு பெட்ரோல் பங்குக்குப் போவார்கள்.

40 லிட்டருக்கு 200 மி.லி. என்றால் லிட்டருக்கு 5 மி.லி., அதாவது அரை சதவீதம். டூ ஸ்ட்ரோக் பைக்குகளுக்கு லிட்டருக்கு 20 மி.லி. கலப்பது வழக்கம். அங்கே அதற்குக் காரணம் இருந்தது. பெட்ரோல் கலவை கிராங்க் கேஸ் (இன்ஜினின் அடிக்கூடு) வழியாகவே போகும். பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் வேறு ஆயில் கிடையாது. காரில் அப்படியில்லை. இன்ஜின் அடியில் உள்ள சம்ப் என்ற தொட்டியில் மூன்றரை, நாலு லிட்டர் ஆயில் தனியாக இருக்கிறது. சிலிண்டர் சுவருக்கு வேண்டியது கீழிருந்தே வந்துவிடுகிறது, மிச்சத்தை பிஸ்டனைச் சுற்றியுள்ள ஆயில் ரிங் வழித்துக் கீழே அனுப்புகிறது. டேங்க் வழியாக வரும் ஆயிலில் பெரும்பகுதி பெட்ரோலோடு எரிந்து சைலன்சருக்குப் போகிறது. கொஞ்சம் கரியாகத் தங்குகிறது.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு பூர்வீகம் உண்டு. அமெரிக்காவில் 1923-ல் வந்த மார்வெல் மிஸ்டரி ஆயில், அந்தக் காலத்துப் பெட்ரோல் கார்புரேட்டர் ஜெட்டில் (பெட்ரோல் வரும் சிறு துளை) பிசின் கட்டி அடைப்பதற்கு மருந்தாக வந்தது. டேங்குக்கு அவர்கள் சொல்லும் அளவு 10 கேலனுக்கு 4 அவுன்ஸ். நம் கணக்கில் லிட்டருக்கு ஏறத்தாழ 3 மி.லி. இன்றைய பி.எஸ்.6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) காரில் கார்புரேட்டரும் இல்லை, ஜெட்டும் இல்லை.

பங்கில் பெட்ரோல் மேல் சந்தேகம் வந்தால் ஃபில்டர் பேப்பர் கேட்டுச் சோதித்துப் பார்க்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. நாசில் முனையைத் துடைத்துவிட்டு ஒரு சொட்டு விட வேண்டும். நல்ல பெட்ரோல் என்றால் இரண்டு நிமிடத்தில் கறை இல்லாமல் காய்ந்துவிடும். லேசான இளஞ்சிவப்பு நின்றால் அது சாயம், குற்றமில்லை. 2டி கலந்த பெட்ரோலை அதே பேப்பரில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். காய்ந்த பிறகும் வட்டமாகப் பிசுக்கு நிற்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அந்த இடம் மட்டும் பளபளவென்று ஒளி ஊடுருவித் தெரியும். பங்க்காரர் இதைச் செய்தால் கலப்படம் என்று சண்டைக்குப் போகிறோம். நாமே காசு கொடுத்து வாங்கி ஊற்றினால் பராமரிப்பு என்கிறோம்!

மலையில் வண்டி இழுக்கவில்லை என்ற புகாரில் பாதி இன்ஜின் கோளாறே அல்ல. சேலம் நகரம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டரில். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி முடிப்பதற்குள் காற்றழுத்தம் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடும். டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) இல்லாத இன்ஜின் அந்த அளவுக்குச் சக்தி இழந்தே தீரும். குறைந்த காற்றை சென்சார் அளந்து, பெட்ரோலையும் அதற்கேற்பக் குறைத்து ஊற்றச் சொல்கிறது. எந்த ஆயிலும் மலை உச்சியில் காற்றைக் கூட்டாது.

மீதிப் பாதிக்கு ஏர் ஃபில்டர், பிளக், த்ராட்டில் பாடி, கிளட்ச் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். கிளட்சைச் சோதிப்பது சுலபம்: சமதளத்தில், ஆள் இல்லாத ரோட்டில், மூன்றாம் கியரில் 40 கி.மீ. வேகத்தில் போகும்போது ஆக்சிலேட்டரை முழுக்க மிதியுங்கள். ஆர்.பி.எம். முள் சர்ரென்று எகிறி, வேகம் மட்டும் ஏறாமல் நின்றால் கிளட்ச் ஸ்லிப் ஆகிறது. இன்ஜின் சூடாவதற்குக் காரணம் ரேடியேட்டரில் அடைத்த தூசி, குறைந்த கூலன்ட், மூடியபடியே நிற்கும் தெர்மோஸ்டாட், ஓடாத ஃபேன். இவற்றில் எதுவும் பெட்ரோல் டேங்கில் இல்லை.

அதிக எச்சரிக்கை தேவைப்படுவது டர்போ பெட்ரோல் வண்டிகளுக்கு. நேராகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் சின்ன டர்போ இன்ஜின்களில், 1,500 முதல் 2,500 ஆர்.பி.எம்.மில் பாரம் அதிகமாக இருக்கும்போது, சுவரில் ஒட்டிய ஆயில் துளி ஸ்பார்க் வருவதற்கு முன்பே தானாகப் பற்றிக்கொள்ளும் ஒரு கோளாறு உண்டு. பிஸ்டனையே உடைக்கும் அளவுக்கு அடி விழும். இதைக் குறைப்பதற்காகத்தான் 2020-ல் வந்த ஏ.பி.ஐ. எஸ்.பி. (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் தரக் குறியீடு) தர இன்ஜின் ஆயிலில் இதற்கென்று தனிச் சோதனை இருக்கிறது. வளைவு திரும்பியதும் மூன்றாம் கியரிலேயே வைத்து முக்கி முக்கி ஏற்றுவது அந்தக் கோளாறுக்கு ஏற்ற நிலை. அதோடு பெட்ரோலிலும் ஆயிலைக் கலப்பது வேண்டாத வேலை. இரண்டாம் கியருக்கு இறக்கினாலே போதும்.

2டி ஆயிலுக்காவது எரிந்து போவதற்கென்றே தயாரித்தது என்ற சமாதானம் உண்டு. சில இடங்களில் சாதாரண இன்ஜின் ஆயிலையே டேங்கில் விடுகிறார்கள். அதில் துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த தேய்மானத் தடுப்பு மருந்து இருக்கிறது. அது எரிந்து சாம்பலாகி ஆக்சிஜன் சென்சாரின் மேலும், நச்சுப் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் தேன்கூட்டு அறைகளிலும் பூச்சாகப் படியும். ஒருமுறை படிந்ததைக் கழுவி எடுக்க முடியாது. செக் இன்ஜின் லைட் எரிந்து, ஸ்கேனரில் பி0420 என்று காட்டினால், கன்வெர்ட்டர் தன் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று பொருள். அதை மாற்றும் செலவுக்குப் பல வருடத்து சர்வீஸ் முடித்துவிடலாம்.

விளக்கெண்ணெய் பற்றியும் ஒரு வார்த்தை. ஆமணக்கு நம் மாவட்டத்துப் பயிர். ஏத்தாப்பூரில் அதற்கென்று வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. 'இயற்கை எண்ணெய்தானே' என்று டேங்கில் விடச் சொல்பவர்களும் உண்டு. விளக்கெண்ணெய் ஆல்கஹாலில் கரையும், பெட்ரோலில் சரியாகக் கரையாது. சூட்டில் வார்னிஷ் போல இறுகி ரிங்கை ஒட்ட வைத்துவிடும்.

டீசல் விஷயம் கொஞ்சம் வேறு. கந்தகத்தை 10 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 10 பங்கு) குறைக்கும்போது டீசலின் இயற்கையான வழவழப்பும் போய்விடுகிறது என்பது உண்மை. ஆனால் அதை ஈடுகட்டும் மருந்தை எண்ணெய் நிறுவனங்களே சேர்த்துத்தான் அனுப்புகின்றன. தேய்மானச் சோதனையில் இரும்புக் குண்டில் விழும் தழும்பு 460 மைக்ரானைத் தாண்டக் கூடாது என்பது விதி. எஸ்டேட்டுகளில் ஓடும் பழைய ஜீப்புகளில், டீசலாலேயே வழவழப்புப் பெறும் ரோட்டரி பம்ப் இருந்தால், 200-க்கு ஒன்று என்று 2டி விடுகிறார்கள். அதனால் பெரிய கெடுதல் வராது, பெரிய லாபமும் இல்லை. டி.பி.எஃப். (புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) உள்ள பி.எஸ்.6 டீசல் வண்டியில் அந்தப் பேச்சே கூடாது. ஃபில்டரைச் சூடாக்கிச் சுத்தம் செய்யும் ரீஜெனரேஷனில் 600 டிகிரியில் கரி எரியும், சாம்பல் எரியாது. அது ஃபில்டரிலேயே தங்கி இடத்தை அடைக்கும். வடித்த பழைய இன்ஜின் ஆயிலை டீசலில் விடுகிறவர்களுக்கு என்ன சொல்வது? அதில் இருக்கும் இரும்புத் துகள், முடி கனத்தில் இருக்கும் இன்ஜெக்டர் துளைக்குள் போகிறது.

ஈயம் கலந்த பெட்ரோல் 2000-த்தோடு நாடு முழுக்க நின்றுபோனதால் பழைய அம்பாசடர், பத்மினி வைத்திருப்போருக்கு எக்ஸாஸ்ட் வால்வு சீட் (வால்வு உட்காரும் விளிம்பு) தேயும் பயம் இருக்கிறது. பயம் நியாயம்தான், மருந்துதான் தவறு. ஈயம் சீட்டின் மேல் படிந்து காத்தது. 2டி ஆயில் அங்கே நிற்காமல் எரிந்துபோகும். அடுத்த முறை ஹெட் இறக்கும்போது கடினமான சீட் இன்சர்ட் போட்டுவிட்டால் அந்தக் கவலை தீர்ந்தது.

20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்கும் ஆயில்தான் பாதுகாப்பு என்பது இப்போது புதிதாகக் கிளம்பியிருக்கிறது. எத்தனால் தண்ணீரை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனியாகப் பிரியும். பம்ப் அந்த அடி மட்டத்திலிருந்துதான் உறிஞ்சுகிறது. குளிர் கூடினால் பிரிவது சீக்கிரம் நடக்கும், அதனால் ஏற்காட்டில் பனிமூட்டத்தில் மாதக்கணக்கில் நிற்கும் வண்டிகளுக்கு இது நிஜமான பிரச்சினை. ஆயில் தண்ணீரைக் கலக்கவும் செய்யாது, விரட்டவும் செய்யாது. டேங்கை நிரப்பி நிறுத்துங்கள், மூடியின் ரப்பர் வளையத்தைப் பாருங்கள். பழைய வண்டியில் ஊதிப்போன பெட்ரோல் ஹோஸை எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றுங்கள்.

டேங்கில் ஏதாவது ஊற்றித்தான் ஆக வேண்டும் என்றால், இன்ஜெக்டரில் படிந்ததை உண்மையில் கரைப்பது பாலிஈதர்அமீன் என்ற மருந்து உள்ள கிளீனர். லேபிளில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். டேங்க் காலியாகும் நிலையில் முதலில் கிளீனரை விட்டு, அதன் மேல் பெட்ரோல் நிரப்பினால் நன்றாகக் கலக்கும். தர்மபுரி ரோட்டில் நீண்ட ஓட்டமாக அந்த டேங்கைத் தீர்த்துவிடலாம். கொஞ்சம் சம்ப்புக்குள்ளும் இறங்கும் என்பதால் ஆயில் மாற்றுவதற்குச் சற்று முன்பாக ஊற்றுவது நல்லது. நேரடி இன்ஜெக்‌ஷன் வண்டியில் இன்டேக் வால்வின் கரியை இதுவும் தொடாது, அந்த வால்வின் மேல் பெட்ரோலே படுவதில்லை.

ஏற்கெனவே 2டி ஊற்றியவர்கள் பதற வேண்டியதில்லை. அரை சதவீதத்துக்காக டேங்கை வடிக்கத் தேவையில்லை. கால் டேங்க் மிச்சமிருக்கும்போது நிரப்பினால் ஆயிலின் அளவு முன்பிருந்ததில் நாலில் ஒன்றாகும், அடுத்த முறை பதினாறில் ஒன்று. அதற்குப் பிறகு ஒரு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை வெளிர் பழுப்பாக இருந்தால் சரி; கறுப்பாக ஈரப்பிசுக்கு இருந்தால் நாலையும் துடைத்துப் போட்டு ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் ஈரம் என்றால் ஆயில் வருவது டேங்கிலிருந்து அல்ல, ரிங் அல்லது வால்வு சீல் வழியாக. கம்ப்ரஷன் (சிலிண்டரின் அழுத்தம்) பார்க்க வேண்டும். இன்ஜின் ஆயிலோ விளக்கெண்ணெயோ விட்டிருந்தால் மட்டும் ஸ்டார்ட் செய்யாமல் டேங்கை வடித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மோட்டார் மெக்கானிக்,
அஸ்தம்பட்டி, சேலம்.