புனலூரில் செய்ததும் கட்டட வேலைதான்: நல வாரிய அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

கட்டுமானத் தொழிலாளர் பதிவைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

நான் செங்கோட்டைப் பக்கம் கம்பி கட்டுகிற தொழிலாளி. எங்கள் பையன்கள் ஏன் எல்லையிலிருக்கிற புளியரை தாண்டி, கேரளாவில் புனலூர், கொட்டாரக்கரை என்று வேலைக்குப் போகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். அங்கே கூலி கூட.

போன வருஷம் என் அக்கா மகன் நல வாரியத்தில் பதிவு அட்டைக்குப் போட்ட விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டீர்கள். 90 நாள் வேலை பார்த்தது கேரளாவில் என்பதால் கணக்கில் வராதாம். ஐயா, 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1996-ஆம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் சட்டத்தின் 12-ஆம் பிரிவு கேட்டது 18 முதல் 60-க்குள் வயது, கடைசி 12 மாதத்தில் 90 நாள் கட்டுமான வேலை. எந்த மாநிலத்தில் என்று அதில் இல்லை. எல்லைக்கு அப்பால் பார்த்த நாட்களையும் கணக்கில் எடுங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

கம்பி வேலை ஒரு வாரத்தில் வந்துவிடாது. முதலில் சுமக்க வேண்டும். 16 எம்எம் கம்பி 12 மீட்டர் நீளத்துக்கு 19 கிலோ வரும், வெயில் ஏறினால் தோளில் வைக்க முடியாது. அப்புறம் கட்டுக்கம்பியைக் கொக்கியால் முறுக்கிப் பழக வேண்டும், அதிகம் முறுக்கினால் அறுந்துவிடும், குறைந்தால் கான்கிரீட் போடும்போது கம்பி நகர்ந்துவிடும். கம்பிகளைச் சுற்றிப் பிடிக்கிற ரிங் வளைப்பது, கம்பிக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி விடுகிற கவர் பிளாக் வைப்பது, ஒரு கம்பி மேல் இன்னொன்று சேருகிற லேப் எல்லாம் ஒரே இடத்தில் விழாமல் மாற்றி விடுவது என்று ஒவ்வொன்றாகக் கற்று, டிராயிங் பார்த்து நீளம் வெட்டுகிற அளவுக்கு அக்கா மகன் வந்திருந்தான்.

போன மாதம் பில்லருக்கு ரிங் மாட்டும்போது பலகை சரிந்து விழுந்தான். கீழே நீட்டிக்கொண்டிருந்த கம்பி முனைக்கு மூடி இல்லை, முன்கையில் ஏறிவிட்டது. ஒப்பந்தக்காரர் ஆஸ்பத்திரியில் சேர்த்துக் கொஞ்சம் பணம் கொடுத்ததோடு சரி, இப்போது போனை எடுப்பதில்லை. பெருவிரல் மடங்கவில்லை. கொக்கி பிடிக்க முடியாதவனை எந்த மேஸ்திரி கூப்பிடுவார்? அக்கா நகையை அடகு வைத்துத்தான் வைத்தியம் நடக்கிறது. அட்டை இருந்திருந்தால் உங்களிடம் விபத்து உதவி கேட்கவாவது வழி இருந்திருக்கும்.

தொழிலாளர் நலனுக்கென்று கட்டடச் செலவில் 1 சதவீதம் செஸ் வரி இங்கேயும் வாங்குகிறார்கள், அங்கேயும் வாங்குகிறார்கள். கேரளாவில் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு 2010 முதல் நலத்திட்டம் இருக்கிறது, எங்களை அதில் சேர்த்துவிட எந்த ஒப்பந்தக்காரரும் வரவில்லை. 1956 நவம்பர் 1-க்கு முன்னால் செங்கோட்டையே திருவிதாங்கூர்-கொச்சியில்தான் இருந்தது. பிழைப்புக்கு மலை தாண்டுவது எங்களுக்குப் புதிதல்ல. ஆள் கிடைக்கவில்லை என்று எல்லா எஞ்சினியரும் சொல்கிறார்கள், தொழில் கற்ற பையனுக்கு ஒரு அட்டை கொடுக்க மட்டும் யாருக்கும் மனமில்லை.

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். கேட்பது ஒன்றுதான். எல்லைக்கு அப்பால் பார்த்த வேலையையும் 90 நாளில் சேருங்கள். சான்றாகச் சைட் எஞ்சினியரின் கடிதத்தையோ, கூலி வந்த வங்கிக் கணக்கையோ ஏற்றுக்கொள்ளுங்கள். முடியாது என்றால் எந்த விதிப்படி என்று எழுத்தில் பதில் கொடுங்கள். அவனோடு போகிற மற்ற பையன்கள் இன்னும் அட்டை இல்லாமல்தான் சாரத்தில் ஏறுகிறார்கள்.