ஜெட்ஸ் நிர்வாகத்துக்கு: மூன்று ஆண்டு, ஒரே பயிற்சியாளர்

மதிப்புக்குரிய நியூயார்க் ஜெட்ஸ் அமெரிக்கக் கால்பந்து அணியின் உரிமையாளருக்கும் நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம். இந்த மடலைத் தமிழில் எழுதுவதைப் பொறுத்தருள வேண்டும். ஆங்கிலத்தில் எழுதியவர்களுக்கு இதுவரை என்ன பலன் கிடைத்தது என்று பார்த்த பிறகுதான் எனக்கு இந்தத் துணிவு வந்தது.

2025 பருவத்தின் தொடக்கத்தில் ஏழு ஆட்டம், ஏழு தோல்வி. அது உங்களுக்கே தெரியும். அதற்காக எழுதவில்லை, தோல்வி எங்களுக்குப் பழகிப்போனது. 2025 அக்டோபரில் அணி உரிமையாளர்கள் கூடிய இடத்தில், நிருபர்கள் முன்னிலையில், ஜஸ்டின் ஃபீல்ட்ஸின் ரேட்டிங்கை (எறிதலுக்கான மதிப்பெண்ணை) சுட்டிக்காட்டி, இப்படி ஒரு குவார்ட்டர்பேக்கை, அதாவது தாக்குதலை நடத்திப் பந்தை எறிபவரை, வைத்துக்கொண்டு எந்தப் பயிற்சியாளருக்கும் கஷ்டம்தான் என்ற பொருளில் உரிமையாளரே பேசினாரே, அதற்காக எழுதுகிறேன். 2025 மார்ச்சில் இரண்டாண்டுக்கு 4 கோடி டாலர் பேசி அவரை அழைத்து வந்தது யார் என்பதை மட்டும் சொல்ல மறந்துவிட்டார்.

2025 அக்டோபர் 12 அன்று லண்டனில் டென்வர் அணியோடு ஆட்டம். நியூஜெர்சியில் எங்களுக்குக் காலை ஒன்பதரை மணி. இட்லித் தட்டோடு தொலைக்காட்சி முன் உட்கார்ந்தோம். ஃபீல்ட்ஸ் பந்தை எறியக் கையை ஓங்குவதற்குள் ஆட்கள் வந்து விழுந்தார்கள். எழுந்தார், மறுபடியும் சாய்த்தார்கள். நான்காவது தடவையோ ஐந்தாவது தடவையோ, என் மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள். மொத்தம் ஒன்பது தடவை. எறிந்து சேர்த்தது 45 கெஜம், சாய்க்கப்பட்டு இழந்தது 55 கெஜம். கழித்துப் பார்த்தால் பத்துக் கெஜம் கடன். பந்தைத் தரையில் வைத்துவிட்டுச் சும்மா நின்றிருந்தால் பூஜ்யமாவது மிஞ்சியிருக்கும். அப்படியும் தோற்றது 13-11 என்று இரண்டே புள்ளியில்தான்.

இதே மனிதர் சிகாகோ அணிக்காகத் தொடக்க ஆட்டக்காரராக முதன்முதலில் இறங்கியது 2021 செப்டம்பர் 26 அன்று, கிளீவ்லாந்தில். அன்றும் ஒன்பது தடவை சாய்த்தார்கள். அன்று எறிதலில் சிகாகோவுக்கு மிஞ்சியது ஒரே ஒரு கெஜம். அங்கிருந்து பிட்ஸ்பர்க், அங்கிருந்து உங்களிடம். 2025 வரை ஐந்து பருவத்தில் நான்கு ஆட்டத்திட்டங்கள். ஒரு பாடம் மனப்பாடமாவதற்குள் வாத்தியார் மாறிவிடுகிறார்.

அவர் மேல் குறையே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. பந்தை வெகுநேரம் கையிலேயே வைத்திருக்கிறார். பந்தைப் பிடிக்கத் தம் அணி ஆள் தனியாக நிற்பது தெரிந்தும் விட மனம் வராமல் நிற்கிறார். 2022இல் ஓடியே 1,143 கெஜம் சேர்த்த கால்கள் அவை. கால்களின் வேகம் கண்ணுக்கு இன்னும் வரவில்லை. வராமலே போகலாம். ஆனால் வருமா வராதா என்று ஏழு ஆட்டத்தில் எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

2018ஐ நினைத்துப் பாருங்கள். புது வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுத்தபோது, மூன்றாவது தேர்வாக நீங்கள் எடுத்த குவார்ட்டர்பேக் சாம் டார்னல்ட். ஏழாவதாக பஃபலோ அணி எடுத்தவர் ஜாஷ் ஆலன். முதல் ஆண்டில் எறிந்ததில் 57.7 சதவீதம் ஆள் கையில் சேர்த்தார் டார்னல்ட், ஆலன் 52.8 தான். ஒரு எறி வானத்தைப் பிளக்கும், அடுத்தது வேலியைத் தாண்டும், அப்படியிருந்தார் ஆலன். பஃபலோ அப்போது தலைமைப் பயிற்சியாளரை மாற்றவில்லை, தாக்குதல் பயிற்சியாளரையும் மாற்றவில்லை. 2020இல், எறிந்த பந்தைப் பிடிக்க ஸ்டெஃபான் டிக்ஸைக் கொண்டுவந்து சேர்த்தது. அந்த ஆண்டு 69.2 சதவீதம். 2024இல் லீகின் மிகச் சிறந்த வீரர் விருதும் அவருக்கே. நீங்களோ ஓராண்டில் பயிற்சியாளரை மாற்றினீர்கள், மூன்றாண்டில் டார்னல்டையே அனுப்பிவிட்டீர்கள். அவர் 2024இல் மினசோட்டாவுக்குப் போய் 35 டச்டவுன் (எதிரியின் எல்லைக்கோட்டுக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி பெறுவது) எறிந்தார். அதே ஆண்டு, அதே லண்டனில், உங்களையும் வென்றார். இரண்டு நாள் கழித்து நீங்கள் யாரை வீட்டுக்கு அனுப்பினீர்கள்? பயிற்சியாளரை!

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றுதான். ஃபீல்ட்ஸ் ஆனாலும் சரி, அவருக்கு அடுத்து வரப்போகும் பையன் ஆனாலும் சரி: மூன்று ஆண்டு, ஒரே பயிற்சியாளர், ஒரே ஆட்டத்திட்டம், முன்னால் நின்று காக்க ஐந்து நல்ல ஆட்கள். அதற்குப் பிறகு ரேட்டிங் பேசலாம்.

நிலையில்லாதவரை வைத்து என்ன செய்வது என்று கேட்பீர்கள். 1969 ஜனவரியில் உங்களுக்குக் கிடைத்த ஒரே சூப்பர் பவுல் கோப்பையைக் கொண்டுவந்த குவார்ட்டர்பேக் ஜோ நமத்தின் வாழ்நாள் கணக்கு 173 டச்டவுன், எதிரி கையில் கொடுத்தது 220. இன்று அவர் உங்களிடம் ஆடியிருந்தால் எத்தனை வாரம் தாங்கியிருப்பார்? நிருபர்கள் முன்னால் அவரைப் பற்றியும் ஏதாவது சொல்லியிருப்பீர்களோ?

மன்னிக்கவும், மரியாதையாகக் கேட்கத்தான் உட்கார்ந்தேன். நீங்கள் கடைசியாக பிளேஆஃப் (பருவத்தின் முடிவில் கோப்பைக்காக நடக்கும் சுற்று) ஆடியது 2011 ஜனவரியில். என் மகளுக்கு வயது பன்னிரண்டு. ஒரு குவார்ட்டர்பேக்கின் பெயர் போட்ட சட்டையை அவள் கேட்கிறாள். சட்டை கிழிவதற்குள் ஆள் போய்விடுவாரே என்று வாங்காமல் ஒத்திப்போடுகிறேன். தயவுசெய்து, மூன்று ஆண்டு, ஒரே பயிற்சியாளர். சட்டையை வாங்கலாமா என்று மட்டும் தெரிவித்தால் போதும்.

இப்படிக்கு,
நியூஜெர்சியிலிருந்து ஒரு ரசிகன்
(உங்கள் மைதானமும் இங்கேதான், பெயரில் மட்டும்தான் நியூயார்க்)