டென்ஷன் என்று முடிவு செய்யும் முன் ஒரு டி.எஸ்.எச். எழுதுங்கள்

பொதுநல மருத்துவர்களுக்கும் மனநல மருத்துவர்களுக்கும்,

வணக்கம். படபடப்பு என்று சொல்லிக்கொண்டு உங்களிடம் வருகிறவர்களுக்காக இந்த மடலை எழுதுகிறேன். நெஞ்சு அடித்துக்கொள்கிறது, கை நடுங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, தூக்கமே இல்லை, காரணமில்லாமல் பயம் வருகிறது என்பார்கள். இசிஜி எடுப்பீர்கள், பெரிதாக ஒன்றும் இருக்காது. 'டென்ஷன்தான், மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க' என்று சொல்லி ஒரு மாத்திரை எழுதுவீர்கள். பலருக்கு அது சரியான முடிவாகவும் இருக்கலாம். ஆனால் அந்த முடிவுக்கு வரும் முன் தைராய்டைப் பார்த்தீர்களா, அதற்கான டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனையை எழுதினீர்களா?

என் அக்காவுக்கு முதலில் யாரும் பார்க்கவில்லை. குழந்தை பிறந்து சில மாதங்களில் தொடங்கியது. பிள்ளையைத் தூக்கினால் கை நடுங்கும். நன்றாகச் சாப்பிட்டும் உடம்பு இளைத்துக்கொண்டே போனது. மற்றவர்கள் போர்த்திக்கொண்டு படுத்திருக்க, அக்கா மட்டும் மின்விசிறியைக் கூட்டி வைக்கச் சொல்வாள். இதையெல்லாம் சொன்னோம். புதிதாகத் தாயானவர்களுக்கு வருகிற பதற்றம் என்றார் மருத்துவர். வேறொரு மருத்துவர்தான் கையை நீட்டச் சொல்லி, விரித்த விரல்கள் மேல் ஒரு வெள்ளைத்தாளை வைத்தார். தாளின் ஓரம் நிற்காமல் அதிர்ந்தது. அப்புறம்தான் ரத்தப் பரிசோதனை. தைராய்டைச் சுரக்கத் தூண்டும் டி.எஸ்.எச். அடிமட்டத்தில் இருந்தது; ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் மிகுந்தால் அது அப்படித்தான் குறையும். பிரசவத்துக்குப் பின் வரும் தைராய்டு அழற்சி என்றார்.

இது அபூர்வமான நோய் இல்லை. பிரசவித்த பெண்களில் ஏறக்குறைய இருபதில் ஒருவருக்கு, முதல் ஓராண்டுக்குள் வருகிறது. பலருக்கு முதலில் தைராய்டு ஹார்மோன் சுரப்பியிலிருந்து கசிந்து ரத்தத்தில் கூடுகிறது. படபடப்பும் பயமும் அப்போதுதான். சில மாதங்கள் கழித்து அளவு தலைகீழாகக் குறைந்து சோர்வும் மனக்கனமும் வருகின்றன. அக்காவுக்கு இரண்டுமே வந்தன. தைராய்டு என்று தெரியாமல் போயிருந்தால் முதல் கட்டத்துக்குப் பதற்றம் என்றும் இரண்டாம் கட்டத்துக்கு மனச்சோர்வு என்றும் இரண்டு பெயர்கள் சூட்டப்பட்டு, அம்மாவாக இருக்கவே லாயக்கில்லை என்று அவளே நம்பியிருப்பாள். எனக்கு இன்னும் கோபம் தருவது இதுதான்.

உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லவில்லை. தைராய்டு ஹார்மோன் மிகும்போது ரத்தத்தில் அட்ரினலின் கூடுவதில்லை. அதற்குச் செவிசாய்க்கும் பீட்டா ஏற்பிகள் இதயத்தில் கூடிவிடுகின்றன. அதனால் வழக்கமான அளவு அட்ரினலினுக்கே இதயம் துள்ளுகிறது. அந்த ஏற்பிகளைத் தடுக்கும் ப்ராப்ரனலால் மாத்திரை கொடுத்ததும் நடுக்கமும் படபடப்பும் தணிவது இதனால்தான். உடம்பு இப்படித் துடிக்கும்போது மனம் ஏதோ ஆபத்து என்றுதான் எடுத்துக்கொள்ளும். அந்தப் பயம் கற்பனையல்ல.

1835-இல் ராபர்ட் கிரேவ்ஸ், கழுத்தில் தைராய்டு வீங்கி இதயம் கடுமையாக அடித்துக்கொண்ட பெண்களைப் பற்றி எழுதினார். அதில் இருபது வயதுப் பெண் ஒருவரின் அறிகுறிகளை முதலில் ஹிஸ்டீரியா என்றே கருதியிருந்தார்கள் என்ற குறிப்பும் இருக்கிறது. அந்த நோய்க்கு இன்று அவர் பெயர்தான். கிட்டத்தட்ட இருநூறு ஆண்டுகள் ஆகியும் அதே தவறு எங்கள் வீட்டில் நடந்தது.

அறிகுறியை வைத்தே பிரித்துவிடலாம் என்று சிலர் நினைக்கலாம். பேனிக் அட்டாக், அதாவது திடீரென்று தாக்கும் கடும் பயம், சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்த் தணிந்துவிடும். தைராய்டு மிகையில் உட்கார்ந்திருந்தாலும் தூங்கினாலும் நாடி வேகமாகவே ஓடும். உண்மைதான். ஆனால் தைராய்டு மிகை உள்ளவருக்கும் பேனிக் அட்டாக் வரலாமே! ஆகவே கேட்பதோடு நிற்காமல் சோதித்துப் பாருங்கள். மனநல மருத்துவர்களே, லித்தியம் என்ற மனநல மருந்தைத் தொடங்கும் முன் தைராய்டு பார்ப்பது உங்கள் வழக்கம். பதற்றம் என்று முதன்முறையாக வருகிறவருக்கும் அதே வழக்கம் வேண்டும்.

தைராய்டு குறைவுக்காக ஏற்கெனவே லெவோதைராக்சின் மாத்திரை சாப்பிடுகிறவர் படபடப்பு என்றால் அளவு கூடிவிட்டதா என்று பாருங்கள். அளவை மாற்றினால் டி.எஸ்.எச். நிலைகொள்ள ஆறு வாரமாவது ஆகும் என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். பலர் ஒரே வாரத்தில் பயந்துபோய் மாத்திரையையே நிறுத்திவிடுகிறார்கள். முடி வளர்ச்சிக்கென்று பயோட்டின் மாத்திரை எடுக்கிறார்களா என்றும் கேளுங்கள். சில பரிசோதனை முறைகளில் அது டி.எஸ்.எச்.சைக் குறைத்தும் தைராய்டு ஹார்மோனான டி4-ஐக் கூட்டியும் காட்டி, இல்லாத தைராய்டு நோயை இருப்பதுபோல் ஆக்கிவிடும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பதற்றத்தோடு வருகிற பெரும்பாலோருக்குத் தைராய்டு சரியாகவே இருக்கும். அப்போது 'ரிப்போர்ட் நார்மல், உங்களுக்கு ஒன்றுமில்லை' என்று அனுப்பிவிடாதீர்கள். பேனிக் அட்டாக்குக்கு நல்ல மருந்துகளும் பேச்சுவழிச் சிகிச்சையும் இருக்கின்றன, அதற்கு வழிகாட்டுங்கள். தைராய்டு சரியான பிறகும் பயம் ஒட்டிக்கொண்டே இருப்பவர்களுக்கும் அந்த உதவி வேண்டும். அக்காவுக்கு வேண்டியிருந்தது.

நான் கேட்பது பெரிதல்ல. படபடப்பு என்று வருகிறவரின் கழுத்தைத் தொட்டுப் பாருங்கள், கையை நீட்டச் சொல்லுங்கள், டி.எஸ்.எச். எழுதுங்கள். அது குறைவாக இருந்தால் டி4, டி3 என்ற தைராய்டு ஹார்மோன்கள் இரண்டையும் பாருங்கள். வந்திருப்பவர் குழந்தை பெற்று ஓராண்டு ஆகாதவர் என்றால், அடுத்த முறை பார்க்கலாம் என்று தள்ளிப்போடாமல் அன்றைக்கே எழுதிக்கொடுங்கள்.

இப்படிக்கு,
நோயாளி ஒருவரின் தங்கை