இசக்கிக்கு, நுரை பற்றி

பாளையங்கோட்டை

அன்பு மகன் இசக்கிக்கு,

சவர நுரை ரெண்டு நிமிஷம்கூட நிற்கவில்லை, கன்னத்திலேயே காய்ந்து போகிறது, கிரீமை மாற்றலாமா என்று கேட்டிருந்தாய். மாற்ற வேண்டாம். வி-ஜானோ கோத்ரெஜோ, கையில் இருக்கிற டியூப் தீரட்டும். சோழிங்கநல்லூரில் உங்கள் குடியிருப்புக்கு வருவது போர்த் தண்ணியும் லாரித் தண்ணியும். கோளாறில் முக்கால்வாசி அதில்தான். மிச்சம் நீ பிரஷ்ஷுக்குத் தண்ணி காட்டுகிற விதத்தில்.

ஷேவிங் கிரீம் என்பது பெரும்பாலும் ஸ்டியரிக் அமிலத்தைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடோடு சேர்த்துக் காய்ச்சிய சோப்பு. தண்ணியில் கால்சியமும் மக்னீசியமும் கூடுதலாக இருந்தால் அவை இந்தச் சோப்பைப் பிடித்துக் கரையாத பிசுக்காக்கிவிடும். குளியலறை வாளி ஓரத்தில் ஒட்டுகிற சாம்பல் நிறப் படிவு அதுதான். பிசுக்கானது நுரைக்காது. நீ பிதுக்குகிற கிரீமில் ஒரு பங்கு அந்தக் கால்சியத்துக்கே போய்விடுகிறது, மிச்சம்தான் உன் முகத்துக்கு.

இந்த வித்தியாசத்தைப் பார்க்க நம்ம ஜில்லாவைத் தாண்ட வேண்டாம். தாமிரபரணி பொதிகையில் கருங்கல்மேல் ஓடி வருகிறது. கரைத்து எடுத்துவர அங்கே சுண்ணாம்பு அதிகம் இல்லை. பாபநாசத்திலோ குறுக்குத்துறையிலோ சோப்பை மேலே தொட்டாலே போதும், கழுவக் கழுவ வழுக்கும். தாழையூத்துப் பக்கம் கதை வேறே. 1949-ல் அங்கே சிமெண்ட் ஆலை வந்ததே பூமிக்கடியில் சுண்ணாம்புக்கல் கிடப்பதால்தான். அந்த மாதிரிப் பாறையில் ஊறி வரும் கிணற்றுத் தண்ணியில் சோப்பு திணறத்தான் செய்யும். குடிதண்ணிக்கான இந்தியத் தர அளவு, ஐ.எஸ். 10500, கடினத்தன்மை, அதாவது இந்தக் கால்சியம் மக்னீசியத்தின் அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. வேறு வழி இல்லாத இடத்தில் 600 வரை அனுமதி உண்டு. குடல் அந்த 600-ஐப் பொறுத்துக்கொள்ளும், நுரை பொறுக்காது.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், நீயே பார்த்துக்கோ. ரெண்டு காலி பாட்டிலில் கால் அளவு தண்ணி பிடி. ஒன்றில் குழாய்த் தண்ணி, மற்றதில் குடிக்க வாங்குகிற கேன் தண்ணி. ரெண்டிலும் மிளகு அளவு கிரீமைப் போட்டு ஒரே மாதிரி குலுக்கு. கேன் தண்ணி பாட்டிலில் நுரை கழுத்துவரை ஏறி நிற்கும், அடியில் தண்ணி அவ்வளவாகக் கலங்காது. குழாய்த் தண்ணியில் மெல்லிய படலம் மட்டும் கட்டி, அடியில் பால் கலந்ததுபோல் கலங்கினால் விஷயம் முடிந்தது. சவரத்துக்கு உனக்கு வேண்டியது ஒரே ஒரு டம்ளர் கேன் தண்ணி. பிரஷ் நனைக்க, முகம் நனைக்க, நுரை கட்ட அது தாராளம். கடைசியில் முகம் கழுவுவதும் ரேசர் அலசுவதும் குழாயிலேயே நடக்கட்டும்.

கொதிக்க வைத்தால் சரியாகுமா என்றால், பாதி ஆகும். கெட்டில் அடியில் வெள்ளையாகப் படிகிறதல்லவா, அந்த பைகார்பனேட் வகைக் கடினத்தன்மை கொதியில் கீழே இறங்கிவிடும். ஐந்து நிமிஷம் கொதிக்கவிட்டு, தெளிய வைத்து, மேல் தண்ணியை மட்டும் சாய்த்து எடு. சல்பேட், குளோரைடு வகை எவ்வளவு கொதித்தாலும் போகாது. குடியிருப்பில் கடினத்தன்மையை எடுக்க உப்புப் போட்டு ஓட்டுகிற சாஃப்ட்னர் இருந்தால், அந்தத் தண்ணி குடிக்க நன்றாக இராது, நுரைக்கு அருமையாக இருக்கும். இன்னொன்று, டியூபின் பின்னால் இ.டி.டி.ஏ. என்று போட்டிருக்கிறதா பார். அது கால்சியத்தைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளும் சரக்கு. அது இருக்கிற கிரீம் கெட்ட தண்ணியிலும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

இனி கை வேலை. நீ வைத்திருப்பது சிந்தெடிக் பிரஷ்ஷா, பன்றி மயிர் பிரஷ்ஷா என்று எழுதவில்லை. பன்றி மயிர் என்றால் வெதுவெதுப்பான தண்ணியில் மூன்று நாலு நிமிஷம் ஊற வை. அது தண்ணியைக் குடித்துத்தான் மெதுவாகும். ஊறாமல் வைத்தால் நுரையில் இருக்கிற ஈரத்தை அது உறிஞ்சிவிடும். சிந்தெடிக் ஊற வேண்டியதே இல்லை, முக்கினால் போதும். ஆனால் அது தண்ணியை உள்ளே பிடித்து வைக்காது, ஒரேயடியாக வெளியே விட்டுவிடும். அதனால் எந்த பிரஷ்ஷானாலும் முதலில் நன்றாக உதறிவிட்டுத் தொடங்கு. சொட்டச் சொட்ட ஆரம்பிக்கிறவனுக்குப் பெரிய பெரிய குமிழிதான் கிடைக்கும். அதைத் திருத்துவது பெரும்பாடு. தண்ணி கை பொறுக்கிற சூட்டுக்குமேல் வேண்டாம். கொதிநீர் மயிரையும் கெடுக்கும், உன் தோலையும் எரிய வைக்கும்.

கிரீம் ஒரு கொண்டைக்கடலை அளவு, ஏறக்குறைய ஒரு கிராம். கடினத் தண்ணியை விட முடியாவிட்டால் மட்டும் அதை ரெட்டிப்பாக்கு. கிண்ணத்தின் அடியில் தடவி, உதறின பிரஷ்ஷால் தண்ணி சேர்க்காமலேயே அரை நிமிஷம் சுற்று. இப்போது வருவது நுரை அல்ல, கெட்டியான பசை. பலபேர் இந்தப் பசையையே முகத்தில் பூசிக்கொண்டு, காய்கிறது காய்கிறது என்று புலம்புகிறார்கள். உன் கதையும் இதுவாகத்தான் இருக்கும். வெள்ளையாக, கெட்டியாக, உயரமாக நிற்பதால் நல்ல நுரை என்று தோன்றும். உள்ளே ஈரம் இருக்காது.

இங்கேதான் பொறுமை வேண்டும். பிரஷ்ஷின் நுனியை மட்டும் தண்ணியில் தொட்டு, இருபது விநாடி சுற்று. மறுபடி தொடு, மறுபடி சுற்று. ஒவ்வொரு முறையும் அரை டீஸ்பூனுக்குமேல் போகக் கூடாது. முந்தின தண்ணி முழுக்க உள்ளே போன பிறகுதான் அடுத்தது. ஒரு கிராம் கிரீம் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக ரெண்டு மூன்று டீஸ்பூன் தண்ணியை வாங்கிக்கொள்ளும். அதே அளவை ஒரே மடக்காக ஊற்றினால் வாங்காது, பாத்திரம் கழுவிய தண்ணி மாதிரி பிரிந்து நிற்கும்.

எங்கே நிறுத்துவது என்பதைக் கண்தான் சொல்ல வேண்டும். தண்ணி போதாத நுரை மங்கலான வெள்ளையாக இருக்கும், தூக்கினால் குச்சியாக நிற்கும், பிரஷ் கன்னத்தில் இழுபடும், பிளேடில் ஒட்டும். பக்குவமானதில் குமிழியே தெரியாது, மேலே ஒரு மினுமினுப்பு வரும், தூக்கினால் நுனி வளைந்து சாயும். ரெண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார், விரல் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும். நுரையின் உயரத்தைப் பார்க்காதே, இந்த வழுக்கலைப் பார். பிளேடைத் தோலில் தடுக்காமல் நகர்த்துவதும், தாடி மயிரை ஊறவைத்து மெதுவாக்குவதும் அதுதான். தண்ணி மிஞ்சிவிட்டால் குமிழி கண்ணுக்குத் தெரியும், தாடையில் வழியும். அப்போது சும்மா சுற்றிக்கொண்டிருந்து பயனில்லை, கடுகளவு கிரீம் சேர்த்துக் கலக்கு. வறண்டுவிட்டால் கிரீம் சேர்க்காதே, தண்ணி சேர். இதைத்தான் எல்லாரும் தலைகீழாகச் செய்கிறார்கள்.

முகத்தில் பூசும்போது வட்டமாக ஒரு நிமிஷம் தேய்த்து, கடைசியில் சுவருக்கு வெள்ளையடிப்பதுபோல் மேலும் கீழும் நாலு இழுப்பு. பிரஷ்ஷை அழுத்திப் பிசையாதே, மயிர் அடியோடு முறியும். பூசினதும் ரெண்டு நிமிஷம் விடு. அந்த ரெண்டு நிமிஷமும் அறையில் ஃபேன் ஓடக் கூடாது! நல்ல நுரையையும் ஃபேன் காற்று உலர்த்திவிடும், பழி கிரீம்மேல் விழும்.

எண்ணெய் தேய்த்த முகத்தில் நுரை நிற்காது. எண்ணெய் குமிழியின் சவ்வை உடைக்கும். புதன், சனி எண்ணெய்க் குளியல் பழக்கம் உனக்கு இன்னும் இருந்தால், முகத்தைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, பிசுக்கில்லாமல் அலசிய பிறகு பிரஷ்ஷைத் தொடு. படிகாரமும் அப்படித்தான். முதல் தடவை வழித்துவிட்டுப் படிகாரத்தைத் தேய்த்து, அதன்மேல் ரெண்டாம் நுரை போட்டால் அது உடனே சுருண்டுவிடும். அலுமினியமும் சோப்பைக் கரையாததாக்குகிற ஜாதி. எல்லாம் முடிந்த பிறகுதான் படிகாரம்.

கிண்ணம் எதுவானாலும் சரி. வழவழப்பான எவர்சில்வரில் பிரஷ் வழுக்கும், நுரை கட்ட நேரமாகும். உள்ளே கொஞ்சம் சொரசொரப்பு இருக்கிற பீங்கான் நல்லது. சிரட்டையைத் தேய்த்துச் சுத்தம் செய்து வைத்துக்கொண்டாலும் மோசமில்லை, சூடும் சீக்கிரம் இறங்காது.

சவரத்துக்கான வில்லைச் சோப்பு வாங்க ஆசைப்பட்டால் வாங்கிக்கோ, கிரீமைவிட நாள்பட வரும். ஆனால் குளியல் சோப்பைச் சவரத்துக்கு எடுக்காதே. அது சோடியம் சோப்பு, ஸ்டியரிக் குறைவு, நுரை பொங்கும், உடனே அமுங்கும். சவர வில்லைமேல் ஒரு டீஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணி விட்டு ரெண்டு மூன்று நிமிஷம் வை, மேல்பாகம் இளகும். அந்தத் தண்ணியைக் கொட்டிவிட்டு, உதறின பிரஷ்ஷால் அரை நிமிஷம் தேய், உங்கள் தண்ணியில் என்றால் ஒரு நிமிஷம். மயிர் நுனியெல்லாம் பசை ஏறினால்தான் சோப்பு போதுமான அளவு எடுத்திருக்கிறாய் என்று அர்த்தம். பிறகு கிரீமுக்குச் சொன்ன அதே வேலை.

டியூபில் ‘பிரஷ் தேவையில்லை’ என்று போட்டிருந்தால் அது வேறு சரக்கு. அது நுரைக்கவே நுரைக்காது, அதோடு மல்லுக்கட்டாதே. ஸ்பிரே டப்பா பற்றி எழுத ஒன்றும் இல்லை.

இத்தனை நாள் போர்த் தண்ணியில் நனைந்த உன் பிரஷ்ஷின் அடியில் பிசுக்கு ஏறியிருக்கும். மயிரை விரித்துப் பார், வெள்ளையாகத் தெரியும். ஒரு பங்கு வினிகரும் பத்துப் பங்கு தண்ணியும் கலந்து, மயிர் மட்டும் முங்கும்படி ஐந்து நிமிஷம் வைத்து, நன்றாக அலசு. மாதம் ஒரு தரம் செய்தால் போதும். அலசினதை உதறி, துண்டில் ஒற்றிவிட்டுக் காற்றுப்படுகிற இடத்தில் வை. நட்டு வைத்தாலும் தொங்கவிட்டாலும் ஒன்றுதான். மூடி போட்ட டப்பாவுக்குள் ஈரத்தோடு மட்டும் வைக்காதே, பூஞ்சை பிடித்து நாறும்.

இப்படிக்கு,
அப்பா