ஒரே வார்டு, வெவ்வேறு சங்கம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தாதியர், மருத்துவமனை ஊழியர் ஆகியோரின் தொழிற்சங்க உரிமை குறித்த தங்கள் தலையங்கம் காலத்துக்கு ஏற்றது. மலேசியாவின் 1959ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தின் திருத்தம் 2024 செப்டம்பர் 15இல் நடப்புக்கு வந்தபின், ஒரே பணியிடத்தில் பல சங்கங்கள் இயங்க வழி பிறந்துள்ளது. ஆயினும், சங்கங்களின் எண்ணிக்கை பெருகுவதால் மட்டும் பேரம் பேசும் பலம் கூடிவிடாது. சங்கமும் முதலாளியும் பேசி முடிக்கும் கூட்டு ஒப்பந்தம் பற்றிய தொழில் உறவுச் சட்ட விதிகள் அரசுத் தாதியருக்குப் பொருந்தா. அதே வார்டைக் கூட்டித் துடைப்பவருக்கோ, துப்புரவுப் பணி தனியார்வசமான 1997 முதல் குத்தகை நிறுவனமே முதலாளி.

எங்கள் தோட்டத்திலிருந்து இவ்வேலைக்குச் செல்லும் என் அண்ணியார், குத்தகை கைமாறியபோது, அதே வார்டில் அதே துடைப்பத்தோடு, 'புதிய ஊழியர்' என்று கையெழுத்திட வேண்டியதாயிற்று. சேவைக்காலம் முதலிலிருந்து எண்ணப்பட்டதால், 16 நாள் ஆண்டு விடுப்பு 8 நாளாகச் சுருங்கியது. வார்டுத் தாதியர் அனுதாபப்பட்டனர். அவர்களின் சங்கத்துக்கு இதில் தலையிட இடமில்லை. எனவே, நிறுவனம் மாறினாலும் ஊழியரின் சேவைக்காலமும் அவர்களுடைய சங்கத்துக்கு முதலாளி தரும் அங்கீகாரமும் தொடர வேண்டும் என்ற நிபந்தனையைக் குத்தகை ஒப்பந்தத்திலேயே சேர்க்குமாறு, தாதியர் சங்கங்களும் துணைப்பணியாளர் சங்கங்களும் கூட்டுக் குழு அமைத்துச் சுகாதார, மனிதவள அமைச்சுகளிடம் ஒருசேர மனுக் கொடுக்கலாம்.

தோட்ட வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்